கால் சுற்று

மாலை ஐந்தரைக்கு வெர்ல் கூப்பிட்டான்.
இரண்டு வருஷத்தில் முதல் தடவை.
"தெரியாம இறங்கிட்டேன், ஆர்டெல்" என்றான்.
மன்னிப்போ என்று ஒரு நொடி நினைத்தேன்.
வண்டியைத்தான் சொன்னான்.

வெண்டோவரிலிருந்து கிழக்கே பதினோரு மைல்,
பிறகு சாலையே இல்லாத நான்கு.
மேலே முட்டை ஓடு மாதிரி உப்பு,
உடைந்தால் உள்ளே சாம்பல் நிறப் பசை.
சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி
தன் குழியைத் தானே தோண்டி
அச்சு வரை உட்கார்ந்திருந்தது அவன் பிக்கப்.
கெட்டித் தரை பார்த்து நிறுத்தினேன்,
அவனிடமிருந்து முப்பதடி தள்ளி.
எங்களுக்குள் வழக்கமான தூரத்தைவிட அது குறைவு.

பின்கதவைத் திறந்து பெட்டியை இழுத்தேன்.

முதலில் கையில் வந்தது பந்து.
எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிது,
குரோம் பூச்சில் என் முகம் கோணலாக.
அப்பாவின் படகை இழுத்துத் திரிந்த பந்து.
படகை, டிரெய்லரோடு, கேட்காமல் விற்றவன்
முழங்கால் சேற்றில் நின்று சொல்கிறான்:
"பந்துல கண்ணியை மாட்டிடு, ஒரு நிமிஷ வேலை.
நூறு தடவை செஞ்சிருக்கேன்."

நூறு தடவை தப்பித்தவனுக்கு
அதன் பெயர் அனுபவம்.

டுவில்லாவில் ஒரு கராஜின் சுவரில்
பழைய பின்கதவு ஒன்றை மாட்டி வைத்திருக்கிறார்கள்.
அதில் ஓர் ஓட்டை, வட்டமாக, சுத்தமாக,
இந்தப் பந்து நுழையும் அளவுக்கு.
கதவுக்கு அந்தப் பக்கம் யார் இருந்தார் என்று
அங்கே யாரும் சொல்வதில்லை.
உருண்டு வரச் சம்மதித்ததை இழுக்கத்தான் பந்து.
வரமாட்டேன் என்று மண்ணைப் பிடித்துக்கொண்டதிடம்
அதன் கழுத்து ஒடிந்துவிடும்.

அடுத்தது ராணுவ லாரியிலிருந்து கழன்ற கொக்கி.
பார்க்கப் பலசாலி. வாய் மூடாது,
ஸ்பிரிங் போய்விட்டது.
திரும்பப் போட்டேன்.

அடியில், கந்தல் துணியில் சுற்றி,
சதுரக் கட்டையும் அதன் நுனியில் ஷேக்கிளும்.
நெற்றியில் எண் பொறித்திருக்கிறது: நாலே முக்கால் டன்.
தன்னால் எவ்வளவு தாங்க முடியும் என்று
இப்படி வெளிப்படையாக எழுதி வைத்துக்கொண்ட ஒருவரை
எங்கள் குடும்பத்தில் நான் பார்த்ததில்லை.

கட்டை ரிசீவருக்குள் போயிற்று, குறுக்கே பின்.
ஷேக்கிளில் கயிற்றின் கண், அதற்குக் குறுக்கே ஆணி.
முறுக்கினேன்.
படகை நினைத்து இன்னொரு முறுக்கு.
கயிற்றின் நடுவில் என் கம்பளிக் கோட்டைப் போர்த்தினேன்,
அறுந்தால் துள்ளாமல் கீழே விழட்டும் என்று.
"உள்ளே போய் உட்கார்" என்றேன்.
உட்கார்ந்தான். அதுவே அதிசயம்.

மெதுவாக நகர்ந்தேன்.
கயிறு நீண்டது, மெலிந்தது,
எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டு
ஒரேயடியாகச் சுருங்கியது.
சேறு பெரிதாக ஒரு முத்தச் சத்தம் போட்டது.
கண்ணாடியில் பார்த்தேன்,
அவன் விளக்குகள் மேலே எழும்பி வந்தன.

அவ்வளவுதான், முடிந்தது, போகலாம்.

ஷேக்கிளின் ஆணி அசையவில்லை.
முழுக்க முறுக்கியபின்
கால் சுற்று பின்னால் விட வேண்டும்.
இல்லாவிட்டால் பாரம் ஏறியதும் கவ்விக்கொள்ளும்.
தெரியும். இருபது வருஷமாகத் தெரியும்.

ஒரே கயிற்றில் இரண்டு வண்டி,
உப்பின் மேல் இருட்டு இறங்குகிறது.
அவன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
எண்ணெய் விட்டான்.
நான் சுத்தியலால் தட்டினேன்.
"இடதுபக்கம்."
"இடதுதான்."
"உன் இடது இல்ல, ஆணியோட இடது."
குளிர் ஏறியது. கோட்டை எடுத்து உதறி
என்னிடம் கொடுத்தான், பேசாமல்.
படகைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும்.

எட்டு மணி வாக்கில்
ஆணி கீச்சென்று ஒரு மயிரிழை நகர்ந்தது.
"இன்னும் கொஞ்சம்" என்றான்.
எனக்குக் கை வலித்தது.
சுத்தியலை அவனிடம் நீட்டிவிட்டு
டார்ச்சை வாங்கிக்கொண்டேன்.