விதி பதினான்கு

துறைமுகத் தொழிலாளர் மரண சகாய நிதிச் சங்கம்,
பாலையூற்று.
அறிவித்தல் பலகையில் ஒரு மூலையை
இரவு மான் தின்றிருக்கிறது.
மிச்சத்தில் 'ஞாயிறு நாலு மணி' தெரிகிறது.
வருகிறவர்களுக்கு அதுவும் தேவையில்லை.

ஆறு பேர்.
காளிராசா, அந்தோனிக்குட்டி, நயிமா, ரத்தினவடிவேல்,
காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு
எதையும் வழிமொழிகிற பியசேன,
கூட்டறிக்கைக் கொப்பியோடு நான்.

யாப்பின்படி கோரம் ஏழு.
சங்கத்தைக் கலைக்கவும் ஏழு.
ஏழை ஆறாகத் திருத்தவும் ஏழு.
மூன்று வருடமாய்ச் சாகவும் வழியில்லாமல் கிடக்கிறது
மரண சகாயச் சங்கம்.

யாப்பென்றால் கட்டு என்று பள்ளியில் படித்தேன்.
செய்யுளுக்கென்று நினைத்தேன்.

முகாமில் அம்மா முடிந்த அன்று
ஊரடங்கை இரண்டு மணித்தியாலம்தான் தளர்த்தினார்கள்.
சுவாமி வரவில்லை. விதானையார் எங்கேயென்று தெரியாது.
அப்போதைய பொருளாளர் செபமாலை
காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு
மூன்று சோதனைச்சாவடி தாண்டி வந்தார்.
உறைக்குள் அறுநூறு ரூபா.
அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.
'இதிலே ஒரு கையெழுத்து, தங்கச்சி.'
விதி பதினான்கு: இருபத்துநாலு மணிக்குள்.

வட்டிக்குக் கொடுக்கிற மனுசன்.
எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை.
நல்லவராக இருந்திருந்தால்
அவருடைய குணம் என்று விட்டிருப்பேன்.
அடுத்த மாசமே சந்தாக் கட்டினேன்.

இன்றைக்கு நாலு இருபதுக்கு ஒரு பிள்ளை வாசலில் நின்றது.
டிலுக்சி. துறைமுகத்தில் கொந்தராத்து வேலை.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட்டது:
'செத்தால்தானே காசு?'
'ஓம்.'
'எனக்கில்லை. அப்பாவுக்கு.'
நுழைவுக் கட்டணம் ஒன்றரை ரூபா.
(திருத்த ஏழு பேர் வேண்டியிருந்தது.)
ஐந்து ரூபாக் குற்றி தந்தது.
மிச்சம் தர எங்களிடம் சில்லறை இல்லை.

எண்ணினேன். ஏழு.
நிகழ்ச்சி நிரலில் மூன்று வருடமாய் நிற்கிற
நான்காம் விடயத்தை வாசித்தேன்,
நான் எழுதியதுதான், களைத்துப்போன ஒரு மார்கழியில்:
சங்கத்தைக் கலைத்தல்.

ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை.
பியசேன கருவியை எடுத்துக்
காதில் மாட்டிக்கொண்டார்.
'இன்னொருக்கா வாசியுங்கோ.'
வாசித்தேன்.
கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார்.

முன்மொழிந்தவர்: செயலாளர்.
வழிமொழிந்தவர்: