ஆடம்பரம் என்று எழுதினேன்

அந்த ஞாயிறு மழை மேலிருந்து வரவில்லை,
பக்கவாட்டில் வந்தது.
ராச்டேலுக்கு வடக்கே ஒரு மைதானம்.
புல் என்று சொல்லலாம், பாதிக்கு மேல் சேறு.
கிளப் கொடுத்த கோட்டு, கிளப் கொடுத்த படிவம்,
பென்சில் மட்டும் என்னுடையது.
மழையில் பேனா எழுதாது.

பதினோரு வயதுப் பையன்கள்.
பந்து வந்தால் மற்றவர்களுக்கு அது கடன்,
உடனே யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும்.
ரோனன் என்ட்விசில் மட்டும்
அதைக் காலடியில் வைத்துக்கொண்டு
கொஞ்சம் யோசித்தான்.

"தூக்கி அடிடா!"
கோட்டோரம் நின்ற அப்பாக்கள் கத்தினார்கள்,
ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் தளும்ப.
"அங்கே நின்று விளையாடாதே!"
விளையாடத்தான் வந்திருந்தான் பையன்.

உள்ளங்காலால் பந்தைப் பின்னிழுத்தான்.
அவனைவிட ஒரு தலை உயரமான தடுப்பாட்டக்காரன்
காற்றை உதைத்து
மூலைக்கொடி வரைக்கும் சறுக்கிப் போனான்.
நான் சிரித்துவிட்டேன்.
படிவத்தில் சிரிப்புக்குக் கட்டம் இல்லை.

உயரம். எடை. பத்து மீட்டர் ஓட்டம்.
அப்பாவின் உயரம், அம்மாவின் உயரம்.
(ஷூவோடா, ஷூ இல்லாமலா என்று கேட்டாள் அவள்,
வெட்கப்பட்டு.)
பிறந்த தேதி, ஆகஸ்டு முப்பது.
இரண்டு நாள் பொறுத்திருந்தால்
அடுத்த அணியில் அவன்தான் மூத்தவன்.
அவசரப்பட்டுப் பிறந்துவிட்டான்.

குறிப்பு என்ற இடத்தில்
ஒரு சொல் போதும் என்பார் ஹெப்வொர்த்.
ஆடம்பரம், என்று எழுதினேன்.
எங்கள் ஊரில் திறமைக்கு அப்போது அதுதான் பெயர்.
வெயில் நாளில் வைத்துக்கொள்ளலாம்,
மூன்று கோல் முன்னால் இருக்கும்போது வைத்துக்கொள்ளலாம்,
பிப்ரவரியில் கட்டுப்படியாகாது.

பொய் சொல்லக்கூடாது, எடுக்கத்தான் எடுத்தோம்.
ஐந்து வருடம் வைத்திருந்தோம்.
கூம்புகளுக்கு நடுவே ஓடவிட்டோம்,
நெஞ்சில் பட்டை கட்டி இதயத்தை எண்ணினோம்.
இரண்டு தொடுகை, இரண்டே தொடுகை
என்று விசில் ஊதினோம்.
மூன்றாவது தொடுகையில்தான் அவன் இருந்தான்.

பதினாறு வயதில் ஒரு கடிதம் போயிற்று.
அதை நான் எழுதவில்லை.
என் சொல்லை மட்டும்
நாசூக்காக இரண்டு பத்தியாக்கியிருந்தார்கள்.

போன கோடையில் கிளப் ஒருவனை வாங்கியது,
போர்ச்சுகலில் இருந்து. ஐந்தடி ஐந்து.
விலையில் எத்தனை பூஜ்யம் என்று
என் மருமகன் விரலால் எண்ணிக் காட்டினான்.
நேற்று அந்தப் பொடியன்
உள்ளங்காலால் பந்தைப் பின்னிழுத்தான்.
முப்பதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள்.
அதே அப்பாக்கள்தான்,
இப்போது தாத்தாக்கள்,
கண் கலங்கக் கைதட்டிக்கொண்டு.

நானும் எழுந்தேன்.
அப்போதுதான் கீழே பார்த்தேன்.
தடுப்புச் சுவரை ஒட்டி
மஞ்சள் மேலங்கிக் காவலாட்கள் வரிசை.
ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்பதுதான் வேலை.
கூட்டத்தைப் பார்க்கலாம், பந்தைப் பார்க்கக்கூடாது.
மணிக்கு இத்தனை பவுண்டு.
இடமிருந்து மூன்றாவது ஆள், ரோனன்.
ஆறடிக்கு வளர்ந்திருந்தான்.

இவ்வளவு இரைச்சலிலும் அவன் திரும்பவில்லை.
எங்கள் முகங்களிலேயே பார்த்துக்கொண்டான்,
எந்தக் காலால், எந்தப் பக்கம்,
விழுந்தது எவன் என்று.
யாரோ எறிந்த காகிதக் கோப்பை ஒன்று
அவன் பூட்ஸுக்கு அடியில்
பின்னால் போயிற்று, முன்னால் வந்தது,
மறுபடி பின்னால்.
நசுங்கவே இல்லை.

அவன் பார்வை வரிசை வரிசையாக மேலேறி
என் வரிசைக்கு வந்தபோது
குனிந்து ஷூ லேசைக் கட்டினேன்.
அது கட்டித்தான் இருந்தது.