இருப்பதாகச் சொல்லப்படுவது

எண்பத்தேழில் ஒரு பங்கு.
வேகன் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படும்:
பதினாறரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் தகடு,
குண்டூசி முறித்துக் கதவுக்கொக்கி,
செங்காவிக்கும் ஆட்டு ஈரலுக்கும் நடுவே ஒரு நிறம்.
நெல் கட்டுப்படாது.
நெல்லை எண்பத்தேழால் வகுத்தால் தூசி.
மேலே ஊதிவிடக் கூடாது என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஒரு போகம் முழுக்க வேலை செய்திருக்கிறேன்.

நாயுடுபேட்டை சரக்குக் கொட்டகையில்
பகலில் நிஜ மூட்டை எண்ணுகிறேன்.
இரவில் குவார்ட்டர்ஸில், சாப்பாட்டு மேசையில் பாதி எனக்கு.
மறுபாதி பத்மாசினிக்கு.
எல்லைக்கோடு அவள் ஒட்டிய செல்லோ டேப்.

அவள் அலமாரிதான் என் சந்தை.
கேழ்வரகு, கோடூர் மாம்பழம்; அளவு அச்சு.
கடுகு உரித்த தேங்காய்.
கசகசா சாத்துக்குடி.
மிளகாய்க்குத்தான் எதுவும் அமையவில்லை.
சிவப்பு நூலை மில்லிமீட்டராக நறுக்கிக் குவித்தேன்,
தும்மல் வராத மிளகாய்.
மாம்பழம் திறந்த வேகனில் போகாது, தெரியும்,
சரக்குக் குமாஸ்தாவுக்கே தெரியாதா.
மூடிவிட்டால் பிறகு எதற்குச் செய்வது?
பசையும் போடவில்லை. வளைவில் நாலு பழம்
உருள வேண்டும் என்று ஆசை.

மூடிய வேகன் வேறு சங்கதி.
காலியாக விட்டால் முதல் வளைவிலேயே தடம் புரளும்.
புட்டியில் சுண்டுவிரல் நகமளவு மூட்டை பிடித்தேன்.
ஒரு வேகனுக்கு ஆயிரத்து இருநூறு வேண்டும்.
முந்நூறில் விரல் மரத்துப்போனது.
மிச்சத்துக்கு
பழவேற்காட்டு வலைக்காரரிடம் வாங்கிய ஈயக்குண்டு.

எங்கள் ரசீதில் ஒரு வாசகம் உண்டு:
‘இருப்பதாகச் சொல்லப்படுவது.’
ரயில்வே திறந்து பார்ப்பதில்லை.
அனுப்புகிறவர் சொல்வதை எழுதிக்கொள்ளும், சீல் வைக்கும்.
ஈயத்தை வைத்து நெல் என்று எழுதினேன்.
கை கூசவில்லை.

வருகைச் சீட்டில் கையெழுத்து வாங்க
ஞாயிற்றுக்கிழமை செஞ்சம்மா வந்தாள்.
காலி ரேக் கூட்டுகிறவள்.
மாம்பழத்தைப் பார்க்கவில்லை, மிளகாயைப் பார்க்கவில்லை.
நகத்தால் ஒரு கூரையைத் தூக்கி
உள்ளே எட்டிப்பார்த்தாள்.
“மூலல்லோ ஏமீ லேதே?”
மூலையில் ஒன்றுமில்லையே.

அவளுக்கு வேகன் என்றால் நான்கு மூலை.
எல்லாம் இறங்கி, அமாலிகள் பீடி பற்றவைத்த பிறகு
துடைப்பத்தோடு ஏறுவாள்.
நாற்பத்திரண்டு வேகன், நூற்று அறுபத்தெட்டு மூலை.
துரு, சணல் நார், எலிப்புழுக்கை, நெல்.
புடைத்தால் ஒரு நாளைக்கு இரண்டு படி தேறும்.
காண்டிராக்டர் தாளில் அது இல்லை.
என் பேரேட்டிலும் அதற்குக் கட்டம் இல்லை;
பதினோரு வருடமாக
அந்த நேரத்தில் நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

அன்றிரவு உமியை அம்மியில் அரைத்தேன்.
பத்மாசினி டேப்பைத் தாண்டி வந்து பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் போனாள்.
கொஞ்சம் துருப்பொடி, இரண்டு இழை சணல்.
மூட்டைகளைப் பெயர்த்து எடுத்து
மூலைக்கு ஒரு சிட்டிகை, கதவுத் தண்டவாளத்தில் ஒரு கோடு.
மறுபடி அடுக்கினேன். கூரையை மூடினேன்.
வெளியிலிருந்து பார்த்தால்
நேற்றைய அதே வேகன்.

காலையில் கோடூர் வண்டி காலி.
மேசைக்காலில் இறங்கி ஜன்னல் வரை ஒரு வரிசை,
ஆளுக்கு ஒரு மாம்பழம்.
அந்தக் கணக்கில் ஒவ்வோர் எறும்பும்
ஒரு நாய்க்குட்டி நீளம்.
குறைவு அறிக்கை எழுத உட்கார்ந்தேன், பழக்கம்:
சரக்கு, மாம்பழம். குறைவு, முழுதும்.
சீல், பொருந்தாது.
காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

வரிசையை விட்டுப் பிரிந்த ஒன்று
மூடிய வேகனின் கூரை இடுக்கை
மீசையால் தடவிக்கொண்டிருந்தது.
பிறகு உள்ளே போனது.

டீ ஆறிவிட்டது.
அது இன்னும் வெளியே வரவில்லை.