மூன்று மணிக்குப் பிடி

குவாலியின் பிடி மூன்று மணிக்கு இருக்க வேண்டும்.
ஆறு மணிக்கு வந்தால் வயிற்றில் இடிக்கும்.
பன்னிரண்டுக்குப் போனால்
நெருப்பைத் தாண்டிக் கை நீட்ட வேண்டும்.

பத்தொன்பது வருடம்
பகாவ் சாலையில் செம்பனைக் குலை ஏற்றி
மில்லுக்கு லோரி ஓட்டியவன் நான்.
கியர் எங்கே என்று
ஒருநாளாவது குனிந்து பார்த்திருப்பேனா?

முதலில் சட்டி.
பிறகு எண்ணெய், சூடேறும் முன்பே,
குழிக்கரண்டியில் விரல் நனைத்து அளந்து.
அதற்கப்புறம்தான் அடுப்பு.
நெருப்பு சரியாகப் பிடித்தால் சீறாது,
தூங்குகிறவன்போல் மூச்சு விடும்.
பிடிக்கவில்லையா,
திருகை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்து
வாசனை போகும்வரை நிற்பேன்.
பக்கத்து வீட்டு ரொகாயா அக்கா கேட்பாள்:
"என்ன, யாரையாவது எதிர்பார்க்கிறாயா?"

கடுகு போட்டதும் மூடியைச் சாய்த்துப் பிடிப்பேன்.
ஒன்று. இன்னொன்று.
திடீரென்று டயர் ஜல்லியில் ஏறியதுபோல் மொத்தமாக.
அப்போது வெங்காயம்.
அது கரகரப்பை விட்டு முணுமுணுக்கத் தொடங்கினால்
பொன்னிறம்.
நிறத்தின் பெயரை நான் இன்னும் விடவில்லை.

உப்புக்கு ஒன்றும் கிடையாது.
சீனி டப்பாவுக்கு ஒரு ரப்பர்,
மிளகாய்த்தூளுக்கு இரண்டு.
நாசி லெமாக் கட்டுகிற ரப்பரைக்
கைநிறைய அள்ளிக் கொடுத்தார் கடைக்கார ஆ செங்,
காசு வாங்கவில்லை.
இந்த ஊரே ரப்பரால் பிழைத்தது என்பார்கள்.
என் அடுப்படி இன்றும் அப்படித்தான்.

தீபாவளிக்கு முந்தின வாரம்
கூலாயிலிருந்து மைத்துனி அஞ்சுகம் வந்தாள்.
தங்கமான மனசு.
"அத்தான், உங்களுக்கு வசதியா
எல்லாத்தையும் அழகா அடுக்கிட்டேன்."
டப்பாக்களைத் துடைத்தவள்
ரப்பரையும் கழற்றிப் போட்டிருந்தாள்.
அன்றைய ரசம் பாயசமானது.
சிரித்தோம்.

மறுநாள் யாரும் சிரிக்கவில்லை.
அப்பளம் பொரித்தவள்
குவாலியை அப்படியே விட்டுப் போயிருக்கிறாள்,
பிடி ஆறு மணிக்கு.
தண்ணீர் எடுக்கத் திரும்பினேன்.
இடுப்பு தட்டியது.
எண்ணெய் வலது பாதத்தில்.

ஐம்பது காசு அகலத்தில் ஒரு கொப்புளம்.
அதற்கு ஒரு குடும்பக் கூட்டம்.
கண்ணில்லாமல் நெருப்போடு என்ன விளையாட்டு என்றார் மாமா.
இனி கடைச் சாப்பாடு என்று முடிவானது.
என்னைச் சுட்டது இருட்டில்லை,
இடம் மாறிய சட்டி என்றேன்.
மின்விசிறி சுற்றியது.
அஞ்சுகம் மட்டும் மூக்கை உறிஞ்சினாள்.

நான்கு நாள் பொட்டலச் சோறு.
ஐந்தாம் நாள் காலை
படுக்கைக்கடியில் துழாவி
லோரிக் கால ஷூவை எடுத்தேன்.
முனையில் இரும்பு வைத்தது.
சாரமும் ஷூவுமாக
அடுப்படிக்குள் நடந்த சத்தத்தில்
அஞ்சுகம் ஓடிவந்தாள்.
"நான் என்ன செய்யணும், அத்தான்?"
"உட்கார். எதையும் நகர்த்தாதே.
நகர்த்தினால் வாயால் சொல்."
அவள் ஊருக்குப் போகும்வரை சொன்னாள்:
"கத்தி பலகைக்குப் பின்னால், முனை சுவரைப் பார்த்து."
"சூடான மூடி, இடது பக்கம்."
சில சமயம் தேவையில்லாமலும்:
"பூனை, வாசலில்."

பவளராணி கையுறைத் தொழிற்சாலையிலிருந்து
ஏழரைக்கு வருவாள்,
விரல்களில் இன்னும் அந்த மாவு வாசனை.
கண் போன முதல் வருடம்
நான் எதை ஆக்கினாலும் "நல்லா இருக்கு" என்பாள்.
தீய்ந்த பருப்பும் நல்லா இருந்தது.
நோயாளியைப் பார்க்க வந்தவர்கள்
அப்படித்தான் பேசுவார்கள்.

நேற்று கெம்போங் மீன் குழம்பு.
ஒரு வாய் வைத்தாள்.
சத்தமில்லை.
"உப்பு தூக்கல்.
அளந்து போட மாட்டீங்களா?"

"நாளைக்கு நீயே ஆக்கு."

"நாளைக்கும் எனக்கு ஷிப்ட்" என்றாள்,
தட்டை என் பக்கம் தள்ளி.
"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

எழுந்தேன். ஐந்து எட்டு.
கை நீட்டினேன்,
மூன்று மணிக்கு.