இடப்புருவம்

பூட்டுக்கு மூன்று எண்.
கடையில் நாலு யூரோ. பெட்டிக்கு விலையில்லை,
பழைய பிஸ்கட் டப்பா.
உள்ளே இருபத்தாறு எள்ளுருண்டை.
சாக்லேட் என்று சொல்லிவைத்திருந்தேன்.

விதி ஒன்றுதான்:
உங்கள் தாளை அடுத்த மேசை பார்க்கக் கூடாது.
வாய்விட்டுப் படிக்கலாம். கேட்கலாம். அவ்வளவு.

சேன்த் அந்த்ரேயில் அது கரும்பு வெட்டும் மாதம்.
ஆலைப் புகை சன்னல் வழியே வந்து
பாகுபோல நோட்டிலெல்லாம் ஒட்டும்.
வெள்ளிக்கிழமை, கடைசிக்கு முந்தின வகுப்பு.
யாருக்கு வேண்டும் வரலாறு?

முதல் மேசை, கப்பல் பட்டியல்:
அலகம்மா, வயது பத்தொன்பது,
இடப்புருவத்தில் வெட்டுத் தழும்பு.
இரண்டாவது, ஆஸ்பத்திரிப் பேரேடு:
அரகம்மா, காய்ச்சல், ஒன்பது நாள்,
புருவம் ஒன்று பிளந்தது.
மூன்றாவது, அபராதக் கணக்கு:
அஷகம்மா, சொல்லாமல் போனது இரண்டு நாள்,
பிடித்தது நாலு நாள் கூலி,
அடையாளம் வலப்புருவம்.
நாலாவது மேசைக்கு அரிசி அளந்த நோட்டு.
அவர்கள் சும்மா உட்காரக் கூடாதே என்று
காப்பகம் மூடும் நேரத்தில் நகலெடுத்தது.

வந்த ஆண்டு அறுபத்து மூன்று. அதில் சண்டையில்லை.
பெண்கள் எத்தனை பேர்? அதுதான் முதல் எண்.

மூன்று, என்றான் லூதோவிக்.
மூன்று, ஆறு, மூன்று.
இழுத்தான். டப்பாதான் கூடவே வந்தது.

எனக்குத் தெரியும்.
புதுச்சேரியில் பிறந்த என் நாக்கு
உள்மடிந்து, அண்ணத்தைத் தொடாமல் தொட்டு,
அந்த ஒற்றை எழுத்தின்மேல்
நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தது.
விதி எனக்கும்தான்.

மறுபடி படி, என்று கத்தினாள் ஷமீமா.
படித்தார்கள். மறுபடி. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி.
அக்காள் தங்கைகளாய் இருக்குமோ?
ஒரே வீட்டில் மூன்று பேருக்குமா புருவம் உடையும்?
சிரிப்பு அடங்குமுன் எழுந்தாள் மேவா,
மூன்றாம் மேசைக்காரி,
லூதோவிக்கின் எதிரே போய் நின்றாள்,
மூக்குக்கு மூக்கு.
உன் இடப்புருவத்தைத் தொடு.
தொட்டான்.
எனக்கு அது எந்தப் பக்கம்?

மின்விசிறிச் சத்தம் மட்டும்.

எழுதினவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான், என்றாள்.
தன் கையைப் பார்த்து எழுதிவிட்டான்.

ஒன்று, ஆறு, மூன்று.
க்ளிக்.

எள்ளைத் தின்றுகொண்டே கேட்டார்கள்:
அவள் பேர்தான் என்ன?
அழகம்மா, என்றேன்.
வாய் நிறைய எள்ளோடு முயன்றது வகுப்பு.
அலகம்மா. அரகம்மா. அஷகம்மா.
மூன்று எழுத்தர்களும் என் முன்னால் இருந்தார்கள்.
அப்போ என் சினிமாலே? என்றான் லூதோவிக்.
சின்னமலையாக இருக்கலாம். சீனிமாலையோ என்னவோ.
தெரியாது, என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டான்.

பாவம், காதில் விழுந்ததைத்தானே எழுதினார்கள்
என்று சொல்ல வாயெடுத்தேன்.

நாலாவது மேசையில் யாரும் தின்னவில்லை.
ஒதில், வருடம் முழுக்க வாய் திறக்காதவள்,
நோட்டை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.
மதாம், இங்கே மூன்று பேரும் இருக்கிறார்கள்.
மூன்று பேருக்கும் அரிசி போயிருக்கிறது.
சாப்பிட்டது ஒருத்தி.

அந்தத் தாளை நான்
ஆறு முறை படித்திருக்கிறேன்.

அதற்குப்பின் விதியாவது ஒன்றாவது.
நாலு மேசையும் முட்டிக்கொண்டு வந்தன.
யசீன் சாக்பீஸை எடுத்தான்:
நாளுக்கு முக்கால் கிலோ,
இல்லாத பெண்கள் இரண்டு,
பதினாலு மாதம், மாதம் முப்பது நாள் என்று வை.
அறுநூற்று முப்பது கிலோ.
கீழே இரண்டு கோடு போட்டான்.
மணியடித்தது. யாரும் பையைத் தொடவில்லை.

அடுத்த வகுப்பு கணக்கு.
ஈரத்துணியோடு பலகைக்கு வந்தார் முசியே கிரோந்தேன்.
என்ன இது, என்றார்.
அரிசி, என்றான் லூதோவிக்.

துணியை மேசைமேல் வைத்துவிட்டு
பெருக்கலைச் சரிபார்த்தார்.
சரியாகத்தான் இருந்தது.