மண்ணுக்காரன் என்று எழுதவும்

ஆனைகட்டிக்காரன் நான்.
சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் மலையாளம்,
மேலே ஏறினால் இருளர் பேச்சு.
மூன்றுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு அறுநூறு ரூபாய்
தருகிறது அகளி தாலுக்கா ஆபீஸ்.

காற்றாலைக் கம்பெனி வக்கீல்
கிரயப் பத்திரத்தை விரித்தார்.
ரேசி, கணவன் பெயர் காடன்.
இடது பெருவிரல், ஊதா மை.
தொண்ணூற்றொன்பது மார்ச்.

"எங்கக்கா அதுக்கு முன்னாலயே கல்லாயிட்டா"
என்றார் நஞ்சன்.
'மரிச்சு' என்றேன் மலையாளத்தில்.
கல் விடுபட்டுப் போனது.

"மரணச் சான்றிதழ் உண்டா?"
"கல்லு உண்டு."
"கொண்டு வரச் சொல்லு."
"அவ ஆபீசுக்கெல்லாம் வரமாட்டா. நீங்க வாங்க."

தாசில்தார் வந்தார், அதுதான் அதிசயம்.
நெல்லிக்கண்டி ஊருக்கு மேலே
ஓடைக்கு இக்கரையிலேயே செருப்பை விட்டு,
சர்வே படத்தில் 'தரிசு' என்றிருந்த இடத்தில்
குனிந்து நுழையும் கொப்பைக்குள் டார்ச் அடித்தார்.
ஆற்றுக் கற்கள்,
கடைசி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதைப் போல
நெருக்கியடித்துக்கொண்டு.

"இதில் தேதி எங்கே?"

நஞ்சன் ஒரு கல்லைக் காட்டினார். தொடவில்லை.
"இது ரேசி. இவளுக்கு அடுத்து வந்தவன் மருதன்.
ஆனை மிதிச்சது.
உங்க ஆளுகதான் பணம் குடுத்தீங்க.
உங்க நோட்டுல தேதி இருக்குமே?"

இருந்தது. வனத்துறைப் பதிவேட்டில்,
தொண்ணூற்றாறு, நவம்பர் பத்து.
வக்கீல் கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே நின்றிருந்தால் இது ஜெயித்த கதை.

வாக்குமூலம் எழுதும்போது
மண்ணுக்காரன் என்று அவர் சொன்னதை
'ஸ்தல உடம' என்று மாற்றிவிட்டேன்.
நல்லதுக்குத்தான்.
'உடம' காதில் பட்டதும்
மைப்பெட்டிக்குப் போன விரலை இழுத்துக்கொண்டார்.

"மண்ணு எனக்குச் சொந்தமில்ல.
மொத வெதையப் போடறவன் நான், அவ்வளவுதான்.
நான் போடாம யாரும் போடமாட்டாங்க.
அடிச்சுட்டு எழுதச் சொல்லு."

அடித்தால் புதுப் படிவம், புது விசாரணை.
தாசில்தார் என்னைப் பார்த்தார். நான் நஞ்சனைப் பார்த்தேன்.
அவர் மையில்லாத விரலை
வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடித்தோம்.
அடுத்த வாய்தா கர்க்கடகம் பதினாறு.

"அன்னிக்கு ஓடை கரைபுரளும், ரோடு இருக்காது" என்றார்.
அதை ஒரு சொல் குறையாமல்
மொழிபெயர்த்தேன்.