காரணம் என்ற கட்டம்

கிரெடிட் என்றால் கடன்.
காவேரிப்பட்டணம் பஸ் நிறுத்தத்துக் கடையில்
எழுதி ஒட்டியிருப்பார்கள்:
இன்று ரொக்கம், நாளை கடன்.
பாடத்திட்டத் தாளில் அதே சொல்
தமிழுக்கு மூன்று, நிதிக் கணக்கியலுக்கு ஐந்து என்று
உட்கார்ந்திருந்தது.
யார் யாருக்குத் தர வேண்டும்?
கணக்கியல் சார் வந்து பலகையில் எழுதினார்:
பெறுபவரை டெபிட் செய், கொடுப்பவரை கிரெடிட் செய்.
நோட்டின் ஓரத்தில் நான் எழுதினேன்:
இது அதுவா?
இன்னும் அழிக்கவில்லை.

கோர் பேப்பர் என்றார்கள்.
எனக்குத் தெரிந்த கோர்
ஊசி, நூல், சாமந்தி.
அல்லைடு என்றார்கள்.
கோருக்கு அது ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி
என்றாள் தாஜுன்னிசா.
அவளுக்கும் தெரியாது,
ஆனால் யோசிக்காமல் சொன்னாள்,
அதனால் நம்பினேன்.

போனஃபைடுக்கு வரிசையில் நின்றேன்.
நான் நான்தான் என்று
கல்லூரி எழுதிக் கொடுக்கும் தாள்.
பஸ் பாஸுக்கு, உதவித்தொகைக்கு, வங்கிக் கணக்குக்கு.
ஒரே வாரத்தில் மூன்று தடவை
நான் நான்தான்.

அப்பா ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர்.
எங்கள் வீட்டில் அரியர் என்பது
வரப்போகும் பணம்.
"அரியர் வரட்டும், பீரோ எடுத்துடலாம்."
ஆறு வருஷமாக அந்த பீரோவுக்கு
சுவரோரம் இடம் காலியாக இருக்கிறது.
மூன்றாம் வருஷ அண்ணன் ஒருவருக்கு
நாலு அரியர் என்று சொன்னேன்.
"குடுத்து வெச்சவன்" என்றார்.
நான் திருத்தவில்லை.

ஜூலையில் பெங்களூரா பழம்
லாரி லாரியாக வந்து இறங்கியது.
கூழ் ஃபேக்டரியில் எனக்கு இரவு ஷிப்ட்.
காலை ஏழுக்கு வெளியே வந்தால்
எட்டேகாலுக்கு கிருஷ்ணகிரி பஸ்.
சில நாள் ஏறினேன்.
சில நாள் நிறுத்தத்திலேயே தூங்கிப்போனேன்,
கண்டக்டர் விசில் கனவுக்குள் கேட்டு,
கனவுக்குள்ளேயே ஏறி,
கோட்டை மலை தெரிகிறவரை போய்விட்டு
விழித்தால் நிழல் நகர்ந்திருக்கும்.
முதல் மாசம் சும்மாதான், பாடமே நடக்காது என்று
யாரோ சொன்னதை எல்லோரும் சொன்னார்கள்.
நானும் ஒருத்தியிடம் சொன்னேன்.

தொண்ணூறு நாளில் அறுபத்தோரு நாள்.
அறிவிப்புப் பலகையில் என் பெயருக்கு நேரே
அறுபத்தேழு புள்ளி எட்டு.
மார்க் என்றால் அது பாஸ்.
இங்கே எழுபத்தைந்துக்குக் குறைந்தால்
கண்டொனேஷன்.
பாதிதான் காதில் விழுந்தது.
கவர்மென்ட் காலேஜில் ஏது டொனேஷன் என்று
அலுவலக ஜன்னலில் சண்டைக்குப் போனேன்.
வரிசை முழுக்கச் சிரித்தது.
மன்னிப்பு என்று அர்த்தமாம்.
ரசீதுடன் வரும் மன்னிப்பு.

படிவம் கொடுத்தார்கள்.
பெயர்: தி. ரூபிகா.
வகுப்பு: முதலாமாண்டு பி.காம்.
வராத நாட்கள்: இருபத்தொன்பது.
காரணம்: என்று போட்டு
கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கட்டம்.

கிளார்க் நிமிராமலே சொன்னார்,
"மஞ்சக்காமாலைன்னு போடும்மா.
இருபத்தொம்பது நாளைக்கு
காய்ச்சல் தாங்காது."

கையைத் திருப்பிப் பார்த்தேன்.
நகக்கண்ணில் மஞ்சள் போய்
இரண்டு மாசத்துக்கு மேல் ஆகிறது.
இவருக்கு எப்படித் தெரிந்தது?

"சீக்கிரம்டி, ஒரு மணிக்கு மூடிருவாங்க."
தாஜுன்னிசா முதுகில் இடித்தாள்.
ம என்று எழுதினேன்.
அடுத்து ஞகரமா, வேறு ஏதாவதா என்று
பேனா அங்கேயே நின்று
ஒரு புள்ளியளவு மை ஊறியது.

துணைக்கால் போட்டேன்.